வண்டி நிற்கும் இடம்: அமெரிக்கப் பூங்காக்களும் சக்கரத்தில் போகும் வீடுகளும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்காவைக் குறுக்காகக் கடக்கும் மலைச்சாலைக்கு 'கோயிங் டு த சன்' சாலை என்று பெயர். 1933இல் திறக்கப்பட்டது. சுமார் 80 கிலோமீட்டர் நீளம். ராக்கி மலைத்தொடரின் முதுகை லோகன் கணவாயில் ஏறிக் கடக்கிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் அதலபாதாளம். இந்தச் சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அகலம் 8 அடியைத் தாண்டக் கூடாது. ஒரு குடும்பம் கோடை விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கும் ஆர்வி வண்டி பெரும்பாலும் 25 அடியிலிருந்து 30 அடி வரை இருக்கும். ஆகவே படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளடங்கிய அந்த நகரும் வீட்டைக் கீழே முகாம் திடலிலேயே விட்டுவிட்டு, பூங்காவின் பேருந்திலோ சிறிய காரிலோதான் மேலே போக முடியும்.

ஆர்விப் பயணத்தைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி வண்டியைப் பற்றியதாகவே இருக்கிறது. எத்தனை பேர் படுக்கலாம், தொட்டி எவ்வளவு கொள்ளும், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பவையே பேச்சு. நூறாண்டு வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தால் எனக்குத் தெரிவது வேறு. குடும்பங்கள் ஆர்வியில் பூங்காக்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போகும் வழக்கத்தை உருவாக்கியவர்களில் வண்டி செய்தவர்களுக்கு இணையான பங்கு, அந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று வரையறுத்தவர்களுக்கு உண்டு. ஒரு தாவர நோய் ஆய்வாளர், சில அருங்காட்சியகக்காரர்கள், மாலையில் தீ மூட்டி உட்கார்ந்து பேசிய சில ஆசிரியர்கள். இவர்களைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

1910இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் 'டூரிங் லாண்டோ' என்ற வண்டியைக் காட்சிக்கு வைத்தது. பின்னிருக்கை மடங்கிப் படுக்கையாகும். கை கழுவும் தொட்டி உண்டு. அது செல்வந்தர்களுக்கானது. அப்போது பெரும்பாலான பூங்காக்களில் காருக்கே இடமில்லை. ரெய்னியர் மலைப் பூங்கா 1908இல் கார்களை அனுமதித்தது. யெல்லோஸ்டோன் 1915 ஆகஸ்டில்தான் கதவைத் திறந்தது. அதுவரை அங்கே குதிரை வண்டிதான். மறு ஆண்டே தேசியப் பூங்காச் சேவை என்ற துறை உருவானது. அதன் முதல் இயக்குநர் ஸ்டீஃபன் மேதர் கார்களை வரவேற்றார். காரில் வரும் நடுத்தர மக்கள் எண்ணிக்கையில் பெருகினால்தான் பூங்காக்களுக்கு நாடாளுமன்றத்தில் பணம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது.

ஹென்றி ஃபோர்டும் தாமஸ் எடிசனும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் அதே ஆண்டுகளில் கூட்டாக முகாம் பயணம் போனார்கள். கார் செய்பவர், மின்விளக்கு தந்தவர், டயர் செய்பவர் மூவரும் வழியில் நின்று சமைத்துச் சாப்பிடும் படங்கள் நாளிதழ்களில் வந்தன. 1921இல் மேரிலாந்தில் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கே அவர்களோடு வந்து சேர்ந்தார். அந்தப் படங்களைப் பார்த்த சாதாரணக் குடும்பங்கள் தங்கள் ஃபோர்டு மாடல்-டி காரின் பக்கத்தில் கூடாரத் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பின. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியமானது.

கார்கள் வந்தபோது முகாம் திடல் என்று வரையறுத்த ஒன்று கிடையாது. மரத்தடி எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே காரை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள். நிழல் அடர்ந்த இடம், ஆற்றோரம், மிகப் பெரிய மரத்தின் அடி ஆகியவற்றுக்குப் போட்டி. கலிஃபோர்னியாவின் ரெட்வுட், செக்வோயா காடுகளில் இப்படிச் சில கோடைகள் கழிந்ததும் அதிகாரிகளுக்குக் கவலை வந்தது. வனத்துறையின் தாவர நோய் ஆய்வாளர் எமிலியோ மைனெக்கியை அழைத்து, மரங்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அவர் 1920களின் பிற்பகுதியில் ஆராய்ந்து எழுதிய அறிக்கைகள் இன்று படித்தாலும் வியப்பைத் தருபவை.

ஆயிரம் ஆண்டு வாழ்ந்த மரத்தை ஒரு கூடாரம் என்ன செய்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மைனெக்கி மண்ணைப் பார்த்தார். ரெட்வுட் மரத்தின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை. நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி அகலமாகப் பரவுகின்றன. நீரையும் சத்தையும் உறிஞ்சுபவை நுனியிலுள்ள மெல்லிய வேர்கள். டயரும் காலடியும் திரும்பத் திரும்ப மிதித்தால் மண் இறுகுகிறது. காற்றும் நீரும் உள்ளே இறங்குவதில்லை. மெல்லிய வேர்கள் சாகின்றன. மரம் உடனே பட்டுவிடாது. முதலில் கீழ்ச்செடிகள் போகும், பிறகு இளங்கன்றுகள், பல ஆண்டுகள் கழித்துத்தான் பெரிய மரத்தில் நலிவு தெரியும். அது தெரியும்போது காரணமான குடும்பங்கள் எப்போதோ ஊர் திரும்பியிருக்கும். குற்றம் செய்தவர் என்று ஒருவரைச் சுட்ட முடியாத இந்தச் சேதத்தை அவர் ஒரு நோய்க்குறியைப் போலப் படித்தார்.

அவர் சொன்ன தீர்வு 1932இல் 'முகாம் திடல் கொள்கை' என்ற சிறு வெளியீடாக வந்தது. மக்களைத் தடுக்க வேண்டாம், காரைக் கட்டிப்போடுங்கள் என்பதே அதன் சாரம். ஒற்றை வழியில் வளைந்து போகும் குறுகலான பாதை. பாதையிலிருந்து சாய்வாகப் பிரியும் சிறு கிளைகள், ஒவ்வொரு கிளையும் ஒரு குடும்பத்தின் கார் நிற்க. கார் அதைத் தாண்டாதபடி பாறைகளும் மரத்துண்டுகளும். ஓரிடத்தில் நிலையாகப் பதித்த மேசை, அடுப்பு, கூடாரம் அடிக்க ஒரு தரை. மிதிபடும் இடம் மிதிபட்டுப் போகட்டும். இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் உள்ள செடிகொடிகள் தொடப்படாமல் இருக்கட்டும். அதனால் மண் பிழைக்கும், கூடவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மறைப்பும் கிடைக்கும்.

1933இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் தொடங்கிய குடிமக்கள் இயற்கைவளப் பாதுகாப்புப் படையின் இளைஞர்கள் இந்த வரைபடத்தை நாடு முழுவதும் மண்ணில் வரைந்தார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம். படை கலைக்கப்பட்ட 1942 வரை ஏறத்தாழ 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். இன்று அமெரிக்காவில் எந்தப் பூங்காவின் முகாம் திடலுக்குள் ஆர்வியோடு நுழைந்தாலும், வளைந்து போகும் ஒற்றை வழிப் பாதையும், எண் எழுதிய சிறு கம்பமும், சாய்வான நிறுத்துமிடமும், மேசையும், இரும்பு வளையம் போட்ட தீக்குழியும் இருக்கும். அவ்வளவும் மைனெக்கியின் கை. அங்கே மேசையில் சாப்பிடும் குடும்பங்களில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். அந்த அமைப்பு மர வேர்களைக் காப்பாற்றுவதற்காக வந்தது என்பதைத் திடலின் வாசலில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். எத்தனையோ விதிகள் எழுதியிருக்கும் அந்தப் பலகைகளில் இதற்கும் இரண்டு வரி இடம் இருக்கும்.

அருங்காட்சியகம் இந்தப் பயணத்துக்குள் வந்த வழியும் கார் நிற்கும் இடத்தோடு பிணைந்ததே. 1919 கோடையில் டாஹோ ஏரிக்கரை விடுதிகளில் பேராசிரியர் லோய் மில்லர் பறவைகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்கக் கூட்டம் நிரம்பி வழிந்ததை மேதர் பார்த்தார். மறு ஆண்டே மில்லரையும் இன்னொரு இயற்கைக் கல்வியாளரான ஹெரால்ட் பிரையன்ட்டையும் யோசெமிட்டிக்கு வரவழைத்தார். பகலில் குடும்பங்களை நடக்க அழைத்துப் போவது, இரவில் தீயைச் சுற்றி உட்காரவைத்துப் பேசுவது. இன்று ரேஞ்சர்கள் என்னும் பூங்காக் காவலர்கள் நடத்தும் மாலைப் பேச்சின் தொடக்கம் அங்கேதான். யோசெமிட்டியின் முதல் இயற்கையாளர்களில் ஒருவரான ஆன்சல் ஹால் அங்கே ஓர் அருங்காட்சியகத்துக்கு முயன்றார். ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறக்கட்டளைப் பணத்தில், ஹெர்பர்ட் மையர் வரைந்த கட்டடம் 1926இல் திறந்தது.

நகரத்து அருங்காட்சியகத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்து வைப்பது பொருத்தமா என்ற கேள்வி உடனே எழுந்தது. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராக இருந்த ஹெர்மன் பம்பஸ் அதற்குத் தெளிவான விடை வைத்திருந்தார். பூங்காவே அருங்காட்சியகம். வெளியே இருப்பவைதான் காட்சிப் பொருள்கள். கட்டடம் சிறியதாக, அந்தந்த இடத்திலேயே, அங்கே கண்ணுக்குத் தெரிவதை விளக்கினால் போதும். அமெரிக்க அருங்காட்சியகச் சிந்தனையில் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் படித்ததில்லை.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் 1928இல் திறந்த யாவபாய் நிலையம் இப்படித்தான் வந்தது. பள்ளத்தாக்கின் பாறை அடுக்குகள் எங்கிருந்து பார்த்தால் முழுமையாகப் படிக்கக் கிடைக்கின்றன என்று புவியியலாளர்கள் தேடித் தேர்ந்த முனையில் அதைக் கட்டினார்கள். சுவருக்குப் பதிலாகப் பெரிய சன்னல்கள். குறிப்பிட்ட பாறையை நோக்கித் திருப்பி வைத்த தொலைநோக்கிகள். யெல்லோஸ்டோனின் நாரிஸ் வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 1930இல் முடிந்த அருங்காட்சியகத்தின் நடுவே கூரை போட்ட திறந்த வழி ஒன்று உண்டு. அதற்குள் நுழைந்தவர் மறுபுறம் வெளிவரும்போது ஆவி கக்கும் சமவெளி முழுவதும் கண்முன் விரியும். அங்கிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் சாலையோரம் கறுப்பாக மின்னும் எரிமலைக் கண்ணாடிப் பாறை நிற்கிறது. 1931இல் அதற்கு எதிரே கல்தூண்கள் வைத்து ஒரு சிறு மண்டபம் எழுப்பினார்கள். தேசியப் பூங்காக்களின் சாலையோரக் காட்சிப்பலகைகளுக்கெல்லாம் அது மூத்தது. காரை ஓரம் கட்டி, இறங்கி, படித்து, எதிரே உள்ள பாறையைப் பார்த்துவிட்டு ஏறிப் போகலாம். காரில் வரும் குடும்பத்துக்கென்றே பிறந்த அருங்காட்சியக வடிவம் இது.

அந்தப் பாறையை மக்கள் 11,000 ஆண்டுகளுக்கும் மேலாக வெட்டி எடுத்துக் கத்தியும் அம்புமுனையும் செய்திருக்கிறார்கள். அங்கே எடுத்த கல் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஓஹையோவின் பழங்கால மண்மேடுகளில் கிடைத்திருக்கிறது. ஆனால் நாரிஸ் என்ற பெயருக்கு உரியவரான பிலீட்டஸ் நாரிஸ், 1870களின் பிற்பகுதியில் யெல்லோஸ்டோனின் கண்காணிப்பாளராக இருந்தபோது, பழங்குடியினர் வெந்நீர் ஊற்றுகளுக்கு அஞ்சி இந்தப் பக்கமே வருவதில்லை என்று பரப்பினார். அதே காலத்தில்தான் மலையாடு வேட்டையாடி அங்கேயே வாழ்ந்த டுக்குடிக்கா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்குப் பயமில்லாத, ஆளில்லாத காடு வேண்டியிருந்தது. அந்தப் பொய் பல தலைமுறைக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. இன்று பூங்காச் சேவை 27 பழங்குடி இனங்களுக்கு யெல்லோஸ்டோனோடு வரலாற்று உறவு உண்டு என்று ஏற்கிறது. 2022இல் ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் அருகே பழங்குடி மரபு மையமும் திறந்தது. அங்கே பேசுபவர்கள் பழங்குடியினரே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய ஒன்று. குழந்தைகளோடு போகிறவர்கள் ஊற்று பீறிடுவதற்காகக் காத்திருக்கும் நேரத்தில் இந்த மையத்துக்குள் போய்வருவது, அந்த ஊற்றைப் பார்ப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

யாருக்கு இந்தப் பயணம் மறுக்கப்பட்டது என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். விர்ஜினியாவின் ஷெனன்டோவா பூங்கா நிறப்பாகுபாட்டுச் சட்டங்கள் நிலவிய மாநிலத்தில் இருந்தது. கறுப்பினக் குடும்பங்களுக்கென்று லூயிஸ் மவுண்டன் என்ற தனித் திடல் 1939இல் திறக்கப்பட்டது. மத்திய அரசின் நிலத்தில் மத்திய அரசே வைத்த பிரிவினைப் பலகை அது. 1950 வாக்கில்தான் பாகுபாடு முழுவதும் நீங்கியது. பூங்காவுக்குப் போகும் வழியோ அதைவிடக் கடினம். எந்த விடுதியில் இடம் தருவார்கள், எந்த பெட்ரோல் நிலையத்தில் கழிவறையைத் திறந்துவிடுவார்கள் என்பதை நியூயார்க்கின் தபால் ஊழியர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் கையேடாகத் தொகுத்து வெளியிட்டு வந்தார். உணவும் போர்வையும் தண்ணீரும் காருக்குள்ளேயே ஏற்றிக்கொண்டு போவது வெள்ளையருக்கு விடுமுறை உல்லாசம். கறுப்பினக் குடும்பத்துக்கு அது அவமானத்திலிருந்து ஒரு பாதுகாப்பு. லூயிஸ் மவுண்டன் இன்று ஷெனன்டோவாவின் மிகச் சிறிய, அமைதியான திடலாக எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இனி காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லருக்கு வருவோம். டெட்ராய்ட்டைச் சேர்ந்த பாக்டீரியா ஆய்வாளர் ஆர்தர் ஷெர்மன் 1929இல் குடும்பத்தோடு முகாமுக்குப் போய், விரித்துக் கட்ட வேண்டிய கூடார டிரெய்லரை மழையில் நிறுத்தி அவதிப்பட்டார். ஊர் திரும்பியதும் நான்கு சுவர் வைத்த பெட்டி போன்ற டிரெய்லரைத் தானே செய்தார். அதற்குப் பெயர் வைத்தவர்கள் அவர் பிள்ளைகள்: 'கவர்டு வேகன்', மேற்கே குடிபெயர்ந்தவர்களின் கூண்டு வண்டி. 1936க்குள் அந்தப் பெயரிலான நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் உற்பத்தியாளர் ஆனது. அதே ஆண்டு வாலி பயாம் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' என்ற அலுமினிய டிரெய்லரைக் கொண்டுவந்தார். இருபது ஆண்டுகளில் பாதி அமெரிக்கா டிரெய்லரில் குடியிருக்கும் என்று ரோஜர் பாப்சன் என்ற பொருளாதார ஆரூடக்காரர் அறிவித்தார். அது நடக்கவில்லை. ஆனால் மைனெக்கியின் சாய்வான நிறுத்துமிடங்களில் டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்த முடியாமல் திணறுபவர்கள் பெருகினார்கள். ஆகவே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறும் நிறுத்துமிடங்களைத் திட்டமிடுநர்கள் வரையத் தொடங்கினார்கள். வண்டிக்கேற்பத் திடல் வளைந்து கொடுத்த முதல் தருணம் அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பூங்காக்களுக்குக் கூட்டம் வெள்ளமாக வந்தது. சாலைகள் சிதைந்திருந்தன, கழிவறைகள் போதவில்லை. பூங்காக்களைப் பராமரிக்கப் பணம் தராவிட்டால் மூடிவிடுங்கள் என்று எழுத்தாளர் பெர்னார்ட் டிவோட்டோ 1953இல் 'ஹார்ப்பர்ஸ்' இதழில் எழுதினார். 1956இல் பூங்காச் சேவையின் இயக்குநர் கான்ராட் வர்த் 'மிஷன் 66' என்ற பத்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கினார். 100 கோடி டாலர் செலவான திட்டம். மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டுதான். மிஷன் 66 தந்த பெரிய புதுமை பார்வையாளர் மையம். தகவல் மேசை, கழிவறை, சிறு திரையரங்கு, அருங்காட்சியகம் எல்லாம் ஒரே கூரையின்கீழ், ஒரு பெரிய வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டி. நூறுக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. பம்பஸ் கனவு கண்ட சிறிய கட்டடங்களோடு ஒப்பிட்டால் இவை பெரியவை. சிலவற்றை மிக அருமையான இயற்கைத் தலத்தின் நடுவிலேயே கட்டிவிட்டுப் பின்னர் வருந்தியதும் உண்டு.

திட்டத்தின் மிகச் சிறந்த கட்டடமாக நான் கருதுவது யூட்டாவில் டைனோசர் தேசிய நினைவிடத்தின் குவாரி மண்டபம். பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி அருங்காட்சியகத்துக்காக எலும்பு தேடிவந்த ஏர்ல் டக்ளஸ் 1909இல் அங்கே ஒரு டைனோசரின் வால் எலும்புகள் பாறையில் துருத்திக்கொண்டு நிற்பதைக் கண்டார். பல ஆண்டுகள் டன் டன்னாகப் புதைபடிவங்களை வெட்டிக் கிழக்கே அனுப்பினார். 1915இல் அந்த இடம் தேசிய நினைவிடமானது. எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துப் போகாமல், எலும்புகளைப் பாறையிலேயே புடைப்பாக விட்டு, மேலே ஒரு கூரை போட வேண்டும் என்று டக்ளஸ் விரும்பினார். அவர் 1931இல் இறந்துவிட்டார். மண்டபம் 1958இல்தான் வந்தது. சாய்ந்து நிற்கும் பாறைச் சுவரில் ஏறக்குறைய 1,500 எலும்புகள், அவை புதைந்த நிலையிலேயே. 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்பைக் குழந்தைகள் கையால் தொட்டுப் பார்க்கலாம். களிமண் தரை ஈரத்தில் உப்பியும் காய்ந்து சுருங்கியும் கட்டடம் விரிசல்விட, 2006இல் மூடி, அடித்தளத்தைச் சீர்செய்து 2011இல் மீண்டும் திறந்தார்கள். கோடையில் வருபவர்கள் தங்கள் வண்டியைக் கீழேயுள்ள பார்வையாளர் மையத்தில் விட்டுவிட்டுப் பூங்காவின் வண்டியில் மேலே போக வேண்டும்.

தனியார் முகாம்கள் பெருகியதும் அக்காலத்தில்தான். சியாட்டில் உலகக் கண்காட்சி நடந்த 1962இல், மொன்டானாவின் பில்லிங்ஸ் ஊரில் யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் டேவ் டிரம் என்பவர் தம் நிலத்தில் வெந்நீர்க் குளியலும் சிறு கடையும் கொண்ட ஒரு முகாமைத் திறந்தார். கேஓஏ என்ற பெரும் சங்கிலியின் முதல் கண்ணி அது. 1966இல் அயோவாவின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் மோட்டார் வீடுகளைத் தொழிற்சாலை வரிசையில் செய்யத் தொடங்கியதும் விலை இறங்கியது. இந்தியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரம் இந்தத் தொழிலின் தலைநகரானது. அங்குள்ள ஆர்வி அருங்காட்சியகத்தில் 1913இல் செய்த டிரெய்லரும், நடிகை மே வெஸ்டுக்காக 1931இல் செய்த வீட்டு வண்டியும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி வந்தால் ஒன்று புலப்படும்: பழையவை எல்லாம் சிறியவை.

இன்றைய ஆர்விக்குள் ஒரு குடும்பம் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அளவு. முகாமில் 30 ஆம்பியர் மின் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் முடி உலர்த்தியையும் சேர்த்துப் போட்டால் மின்காப்பு சுவிட்ச் விழுந்துவிடும். நல்ல நீர்த் தொட்டி பெரும்பாலும் 110 முதல் 150 லிட்டர். அமெரிக்காவில் ஓர் ஆள் வீட்டில் ஒரு நாளைக்குச் செலவிடுவதே ஏறத்தாழ 300 லிட்டர். குளித்த நீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு ஒரு தொட்டி. நிரம்பினால் அதற்குரிய இடத்துக்கு ஓட்டிப் போய்க் குழாய் மாட்டிக் காலி செய்தாக வேண்டும். நகரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் நீரும் மின்சாரமும் இங்கே அளந்து செலவாவதைக் குழந்தைகள் நேரில் பார்க்கிறார்கள். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஆர்வியை விரும்புவதற்கு அதன் அடுப்பும் ஒரு காரணம். நாளெல்லாம் அலைந்துவிட்டு வந்து ரசம் சாதம் வைத்துக்கொள்ள முடிகிறது.

யெல்லோஸ்டோனில் நீர், மின்சாரம், கழிவுநீர் மூன்று இணைப்பும் உள்ள திடல் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால் அங்கே துணிக்கூடாரத்துக்கு அனுமதி இல்லை. கெட்டிச் சுவருள்ள வண்டிதான் தங்கலாம். பூங்காவின் மற்றத் திடல்களில் இந்த வசதிகள் இல்லை. மேசா வெர்டே பூங்காவில் டிரெய்லர்கள் மோர்ஃபீல்டு முகாம் திடலைத் தாண்டிப் போக முடியாது. பாறைச் சரிவின் குழிவுகளில் கட்டிய பழங்கால வீடுகளைப் பார்க்க டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சயன் தேசியப் பூங்காவின் பள்ளத்தாக்கில் 2000 முதல் பருவகாலத்தில் தனியார் கார்களே நுழைவதில்லை, பேருந்து மட்டும். பயணிகள் இவற்றைத் தொல்லை என்று குறைபட்டுக்கொள்வதை நிறையக் கேட்கலாம். நான் உடன்படவில்லை. வீட்டை விட்டு இறங்கிய பிறகுதான் இந்த இடங்கள் பார்க்கக் கிடைக்கின்றன. குளிர்சாதன அறையின் கண்ணாடி வழியே பார்க்கும் பள்ளத்தாக்குக்கு வாசனையும் கிடையாது, ஒலியும் கிடையாது.

குழந்தைகளை எப்படிப் பார்க்கவைப்பது என்பதைப் பற்றி ஃபிரீமேன் டில்டன் 1957இல் எழுதிய நூல் ரேஞ்சர்கள் இன்றும் படிப்பது. பெரியவர்களுக்குச் சொல்வதை நீர்க்கவைத்துக் குழந்தைகளுக்குச் சொல்லக் கூடாது, அவர்களுக்கு அடிப்படையிலேயே வேறு அணுகுமுறை வேண்டும் என்பது அவருடைய கோட்பாடுகளில் ஒன்று. ஜூனியர் ரேஞ்சர் திட்டம் இதை நடைமுறையில் காட்டுகிறது. பார்வையாளர் மையத்தில் ஒரு சிறு புத்தகம் தருவார்கள். குழந்தை அதிலுள்ளபடி தேடி, வரைந்து, ஒரு பேச்சைக் கேட்டு முடித்துக் கொண்டுபோய்க் காட்டினால், ரேஞ்சர் பார்த்துவிட்டு உறுதிமொழி சொல்லவைத்துச் சின்னம் குத்திவிடுவார். குழந்தைக்குச் சமமாக நின்று அதன் கண்டுபிடிப்பைக் கேட்க ஒரு பெரியவர் தேவைப்படுகிற திட்டம் இது. 2015 முதல் நான்காம் வகுப்பு மாணவர்களுக்குக் குடும்பத்தோடு ஓராண்டு இலவச அனுமதியும் உண்டு.

2021இல் வட அமெரிக்க ஆர்வித் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சம் வண்டிகள் வெளியேறின. அது இதுவரை காணாத உச்சம். இரண்டு ஆண்டில் அது சுமார் 3.13 லட்சமாகச் சரிந்தாலும், விற்றவை சாலையில் இருக்கின்றன. 2024இல் பூங்காச் சேவையின் இடங்களுக்கு 33 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவாயின. புகழ்பெற்ற திடல்களில் இடம் பிடிக்க ஆறு மாதம் முன்பே இணையத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வண்டிகள் நீண்டுகொண்டே போகின்றன; 1930களில் வரைந்த வளைவுகள் அப்படியே இருக்கின்றன.

திடல்களை நவீனமாக்க வேண்டும் என்ற குரல் இதனால் எழுகிறது. 2019இல் உள்துறை அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு ஒன்று பூங்காத் திடல்களில் வைஃபை, உணவு வண்டிகள், தனியார் நிர்வாகம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. கடும் எதிர்ப்பு வந்தது, குழுவும் கலைக்கப்பட்டது. அது கலைக்கப்பட்டது சரி என்றே நினைக்கிறேன். 40 அடி வண்டிக்கு முழு இணைப்பு வேண்டுமென்றால் பூங்கா வாயிலுக்கு வெளியே தனியார் முகாம்கள் இருக்கின்றன. அங்கே நிறுத்திவிட்டுப் பேருந்தில் உள்ளே வரட்டும். உள்ளே வளைவுகளை அகலப்படுத்தினால் மைனெக்கி காப்பாற்றிய வேர்கள்மீதுதான் தார் ஊற்ற வேண்டியிருக்கும்.

பணம் போக வேண்டிய இடம் வேறு. பூங்காச் சேவையின் நிலுவைப் பராமரிப்பு வேலைகளின் மதிப்பு 2023இல் 2,300 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இதற்கு நடுவில் 2025 பிப்ரவரியில் பணிக்குப் புதியவர்களான சுமார் 1,000 ஊழியர்களை அரசு ஒரே வீச்சில் நீக்கியது. நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகே அவர்களில் பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கழிவறை துப்புரவும், மீட்புப் பணியும், மாலைப் பேச்சும், ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தைத் திருப்பிப் பார்ப்பதும் இந்த ஊழியர்கள் செய்வது. ஒரு குடும்பம் ஆர்விக்கும் எரிபொருளுக்கும் ஆயிரக்கணக்கான டாலர் செலவழித்து வந்து சேர்கிறது. பார்வையாளர் மையத்தின் மேசைக்குப் பின்னால் ஆள் இல்லையென்றால், அந்தச் செலவில் குழந்தைக்குக் கிடைப்பது வண்டிச் சவாரி மட்டும்தான். மேதர் 1920இல் இரண்டு ஆசிரியர்களைச் சம்பளம் கொடுத்து யோசெமிட்டிக்கு அழைத்ததுபோல, இன்றும் முதலில் நிரப்ப வேண்டியவை அந்த இடங்களே.